இங்கிலாந்து ஸ்கூல் வகைகள்: நம்ம அப்பா அம்மாக்கள் அடிக்கடி கேக்குற கேள்விகள்

செப்டம்பர் பொறந்தா போதும், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசல்ல, பிறந்தநாள் பார்ட்டில, கோயில் பிரசாத வரிசைல, எங்க நின்னாலும் ஒரே பேச்சுதான், "எந்த ஸ்கூல் போடப் போறீங்க?" ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, எல்லாத்தையும் கேட்டுட்டு வீட்டுக்கு வந்தா தலை சுத்தும். என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள ஒரே எடத்துல எழுதி வெக்கிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்துல வகுப்பு பேரு, பரீட்சை, அட்மிஷன் எல்லாமே வேற, வேல்ஸும் வட அயர்லாந்தும் அவங்கவங்க வழி.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். ஒரு ஸ்கூலோட வகை தெரிஞ்சா அத யாரு நடத்துறாங்க, காசு யாரு குடுக்குறா, உள்ள யாரச் சேத்துப்பாங்க, இந்த மூணும் தெரியும். நல்லா சொல்லிக் குடுக்குறாங்களாங்கிறது தெரியாது. அதுக்குத் தனியா மெனக்கெடணும்.

அக்கா, பப்ளிக் ஸ்கூல்னா கவர்மென்ட் ஸ்கூல்தானே? ஹாரோல வீடு பாக்குறோம், பக்கத்துலயே ஹாரோ ஸ்கூல் இருக்கு, அங்கயே போட்றலாமா?

போடலாம், வருஷத்துக்கு 60,000 பவுண்டுக்கு மேல கட்ட முடிஞ்சா! இங்க பப்ளிக் ஸ்கூல்னு சொல்றது பழைய, பெரிய, காசு கட்டிப் படிக்கிற தனியார் ஸ்கூல்கள. வின்செஸ்டர் 1382ல ஆரம்பிச்சது, ஈட்டன் 1440, ஹாரோ 1572. ஈட்டன் ஆரம்பிக்கும்போது ஆறாம் ஹென்றி ராஜா 70 ஏழைப் பசங்களுக்கு இலவசமா படிப்பு குடுக்கத்தான் ஆரம்பிச்சார், ஹாரோவும் அந்த ஊர்ப் பசங்களுக்காக வந்ததுதான், அப்புறம் காசு கட்டுற பசங்க கூட்டம் கூடி இப்படி ஆயிடுச்சு. எந்த ஊர்க்காரன் வேணாலும் வந்து சேரலாம், வீட்டுல வாத்தியார் வெச்சுப் படிக்கிற மாதிரி இல்லங்கிறதாலதான் அந்தப் பேரு. ஈட்டன்லருந்து மட்டும் 20 பிரதமர்கள் வந்திருக்காங்க, நம்ம நேரு படிச்சது ஹாரோல.

உங்களுக்கு வேணும்ங்கிறது ஸ்டேட் ஸ்கூல், அதாவது கவர்மென்ட் பணத்துல ஓடுறது. ஃபீஸ் கிடையாது. இங்கிலாந்துல நூத்துக்கு 93 பிள்ளைங்க பக்கம் அதுலதான் படிக்குது, அதனால "ஸ்டேட் ஸ்கூலா?"னு யாராவது மூக்கச் சுளிச்சா கண்டுக்காதீங்க, டாக்டரு, இன்ஜினியரு, வக்கீலு பிள்ளைங்க எல்லாம் அங்கதான் இருக்கு. டிபென்டன்ட் விசால வந்த பிள்ளைக்கும் ஸ்டேட் ஸ்கூல் இலவசம்தான். விசால "பப்ளிக் ஃபண்ட்ஸ் கிடையாது"ன்னு போட்டிருக்கேன்னு பயந்து நிறைய பேரு கேக்குறாங்க, ஸ்கூல் படிப்பு அந்தக் கணக்குல வராது.

அப்ப அகாடமி, ஃப்ரீ ஸ்கூல், கம்யூனிட்டி ஸ்கூல்னு போட்டிருக்கே, இதுல எது ஒசத்தி?

எதுவும் ஒசத்தி இல்ல. ஊர்ல அகாடமின்னா கிரிக்கெட் கோச்சிங்கோ டான்ஸ் கிளாஸோ ஞாபகம் வரும், இங்க அது சாதாரண ஸ்டேட் ஸ்கூல்தான், ஆனா கவுன்சிலுக்கு (நம்ம ஏரியா உள்ளாட்சிக்கு) கீழ இல்லாம நேரா சென்ட்ரல் கவர்மென்ட் பணத்துல ஓடுது. 2010ல வந்த சட்டத்துக்கப்புறம் ஏராளமான ஸ்கூல் அப்படி மாறிடுச்சு, இப்ப செகண்டரில (11 வயசுலருந்து படிக்கிற ஸ்கூல்) பெரும்பாலும் அகாடமிதான், நிறைய அகாடமிகள சேத்து ஒரு ட்ரஸ்ட் நடத்தும். ஃப்ரீ ஸ்கூல்ங்கிறது 2011லருந்து புதுசா ஆரம்பிச்ச அகாடமி, அவ்வளவுதான், மத்ததுல ஃபீஸ்னு அர்த்தம் இல்ல. கம்யூனிட்டி ஸ்கூல்னா கவுன்சில் நடத்துறது. வாலண்டரி எய்டட்னா பெரும்பாலும் சர்ச்சோ மத்த மத அமைப்போ பின்னால இருக்கும்.

அப்பா அம்மாவுக்கு இதுல ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். கம்யூனிட்டி ஸ்கூல்னா அட்மிஷன் ரூல கவுன்சில் எழுதும், அகாடமியும் எய்டட் ஸ்கூலும் தங்களோட ரூலத் தாங்களே எழுதும். அதனால ஒரே தெருவுல இருக்குற ரெண்டு ஸ்கூலுக்கு ரெண்டு விதமான ரூல் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் கிடைச்சுதுங்கிறத வெச்சு நம்பாம ஸ்கூல் வெப்சைட்ல அட்மிஷன் பாலிசின்னு இருக்கும், அதப் படிங்க.

பேரப் பாத்து எது காசு ஸ்கூல், எது இலவசம்னு கண்டுபிடிக்க முடியாதா?

முடியவே முடியாதுங்க, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. ஹாரோ ஸ்கூல் தனியார், ஹாரோ ஹை ஸ்கூல் இலவசம். எட்மண்டன்ல இருக்குற லாட்டிமர் ஸ்கூல் ஸ்டேட் கிராமர், பரீட்சை பாஸானா காசே இல்லாம படிக்கலாம், ஹேமர்ஸ்மித்ல இருக்குற லாட்டிமர் அப்பர் தனியார். ராயல் கிராமர் ஸ்கூல்னு ஹை வைகாம்ல இருக்குறது ஸ்டேட், அதே பேர்ல கில்ஃபோர்ட்ல இருக்குறது தனியார். பர்மிங்காம்ல கிங் எட்வர்ட்ஸ் ஸ்கூல் தனியார், கிங் எட்வர்ட் சிக்ஸ்த் கேம்ப் ஹில் ஸ்டேட் கிராமர். மான்செஸ்டர் கிராமர், பிரிஸ்டல் கிராமர், பிராட்ஃபோர்ட் கிராமர் மூணுமே காசு.

ஏன் இந்தக் கூத்துன்னா, 1970கள் வரைக்கும் டைரக்ட் கிராண்ட்னு ஒரு வகை இருந்துச்சு, கவர்மென்ட் கொஞ்சம் பணம் குடுக்கும், பதிலுக்கு ஸ்கூல் இலவச சீட் கொஞ்சம் குடுக்கும். 1970கள் நடுவுல அந்தப் பணத்த நிறுத்திட்டாங்க, பெரும்பாலான ஸ்கூல் தனியாரா போயிடுச்சு, கிராமர்ங்கிற பேர மட்டும் விடல.

இதுல உச்சம், குயின் எலிசபெத்ஸ் ஹாஸ்பிடல்னு பிரிஸ்டல்ல ஒண்ணு, கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்னு ஹார்ஷம் பக்கத்துல ஒண்ணு, ரெண்டும் ஸ்கூல்! பையன் ஹாஸ்பிடல்ல சேந்திருக்கான்னு யாராவது சந்தோஷமா சொன்னா பதறாம எந்த ஹாஸ்பிடல்னு கேளுங்க. மெர்ச்சன்ட் டெய்லர்ஸ்னா தையல் கிளாஸ் இல்ல, அந்தக் காலத்து லண்டன் தையல்காரங்க சங்கம் ஆரம்பிச்ச ஸ்கூல். காலேஜ்னு போட்டிருந்தா 18 வயசுக்கு மேலன்னு நெனைக்காதீங்க, 11 வயசுப் பிள்ளைக்கான ஸ்கூலுக்கும் அந்தப் பேரு உண்டு. எப்பவும் கவர்மென்ட்டோட ஸ்கூல் தேடுற பக்கத்துல பேரப் போட்டு வகை என்னன்னு பாத்துடுங்க, ஒரு நிமிஷ வேலை.

ஊர்ல மூணாவது முடிச்சுட்டு வர்றான், இங்க இயர் 4ல போடுவாங்களா, இல்ல திரும்ப மூணாவதா?

வயசு மட்டும்தான் கணக்கு. ஆகஸ்ட் 31 அன்னிக்கு 8 வயசு முடிஞ்சிருந்தா செப்டம்பர்ல இயர் 4. ஊர் மார்க் ஷீட்டு, டிசி எதுவும் இதுல வராது. நாலு வயசு முடிஞ்ச செப்டம்பர்ல ரிசப்ஷன், அதுக்கப்புறம் இயர் 1. நடுவுல வர்றவங்க இன்-இயர் அட்மிஷன்னு கேட்டு கவுன்சிலயோ ஸ்கூலயோ நேரா அணுகணும், எங்க சீட் காலியா இருக்கோ அங்கதான் கிடைக்கும், பிடிச்ச ஸ்கூல்ல வெயிட்டிங் லிஸ்ட்ல பேரப் போட்டு வெச்சுக்கலாம்.

கிராமர் ஸ்கூல் பத்தி எல்லாரும் பேசுறாங்க, அது என்னதான் அது?

இதுக்குக் கொஞ்சம் கதை சொல்லணும். 1944ல ஒரு கல்விச் சட்டம் வந்துச்சு. 11 வயசுல லெவன் ப்ளஸ்னு ஒரு பரீட்சை, அதுல வந்தவங்க கிராமர் ஸ்கூலுக்கு, வராதவங்கள்ல ரொம்பப் பேரு செகண்டரி மாடர்ன்னு இன்னொரு ஸ்கூலுக்கு, அப்படின்னு நாடு பூரா ஓடிச்சு. 11 வயசுலயே பிள்ளைய தரம் பிரிக்கிறது தப்புன்னு பெரிய எதிர்ப்பு கெளம்பி 1965ல லேபர் கவர்மென்ட்டு எல்லாரும் சேந்து படிக்கிற காம்ப்ரிஹென்சிவ் ஸ்கூலுக்கு மாறச் சொல்லிடுச்சு. 1960கள்ல கிட்டத்தட்ட 1,300 கிராமர் இருந்துச்சு, இப்ப இங்கிலாந்து முழுக்க 163தான். 1998 சட்டப்படி புதுசா திறக்கவும் முடியாது. சில கவுன்சில்கள் மட்டும் மாற மாட்டேன்னு நின்னதாலதான் இன்னிக்கு வரைபடத்துல அங்கொண்ணு இங்கொண்ணா இருக்கு: கென்ட், பக்கிங்ஹாம்ஷயர், லிங்கன்ஷயர்ல நிறைய, லண்டன்ல சட்டன், பார்னெட், கிங்ஸ்டன், பெக்ஸ்லி, ப்ராம்லி, ரெட்பிரிட்ஜ் பக்கம், அப்புறம் ஸ்லாவ், ரெடிங், பர்மிங்காம்.

ஸ்லாவ்ல நாலு கிராமர், சட்டன்ல அஞ்சு. நம்ம ஆளுங்க ஏன் இந்த ஊர்கள்ல வீடு தேடி அலையுறாங்கன்னு இப்பப் புரியுதா!

ஆனா எல்லா கிராமரும் ஒண்ணு இல்ல, இங்கதான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. கென்ட், பக்கிங்ஹாம்ஷயர் மாதிரி எடத்துல ஒரு பாஸ் மார்க் இருக்கும், அதத் தாண்டினா அப்புறம் தூரம் பாத்து பெரும்பாலும் ஏதோ ஒரு கிராமர்ல எடம் கிடைக்கும். சூப்பர் செலக்டிவ்னு சொல்றது வேற ரகம். பார்னெட்ல குயின் எலிசபெத்ஸ், ஹென்ரியட்டா பார்னெட், கிங்ஸ்டன்ல டிஃபின் ரெண்டும், இங்கல்லாம் எடம் கொஞ்சம், எழுதுறவங்க ஆயிரக்கணக்குல, நல்லாப் படிக்கிற பிள்ளை நல்லா எழுதியும் கிடைக்காம போறது சர்வசாதாரணம். டிஃபின் மாதிரி சில எடத்துல குறிப்பிட்ட போஸ்ட்கோடுக்கு முன்னுரிமை வேற இருக்கு. அதனால "அவங்க பொண்ணுக்குக் கிடைச்சுச்சு, உனக்கு ஏன் கிடைக்கல"ன்னு பத்து வயசுப் பிள்ளைகிட்ட தயவுசெஞ்சு கேக்காதீங்க. அந்தக் கேள்வி அந்தக் குழந்தை மனசுல எத்தன வருஷம் இருக்கும்னு நமக்குத் தெரியாது.

லெவன் ப்ளஸ் ட்யூஷன் எப்ப ஆரம்பிக்கணும்? பக்கத்து வீட்டுல இயர் 2லயே ஆரம்பிச்சுட்டாங்க.

பரீட்சை பெரும்பாலும் இயர் 6 ஆரம்பத்துல, செப்டம்பர்ல வரும். ஆனா ரெஜிஸ்டர் பண்றது இயர் 5 முடியும்போதே, கோடை காலத்துல முடிஞ்சிடும், கென்ட்ல ஜூலை 1க்கெல்லாம் மூடிடுவாங்க. படிப்பெல்லாம் படிச்சுட்டு ரெஜிஸ்டர் பண்ண மறந்து உக்காந்தவங்க இருக்காங்க, அதனால தேதிய முதல்ல காலண்டர்ல போடுங்க.

இங்கிலீஷ், கணக்கு, வெர்பல் ரீசனிங் (வார்த்தைய வெச்சு யோசிக்கிறது), நான்-வெர்பல் ரீசனிங் (படம், வடிவத்த வெச்சு யோசிக்கிறது), எந்த ஊருக்கு எது வரும்ங்கிறது மாறும். வெர்பல் ரீசனிங்ல வார்த்தை வளம் கேக்கும், நம்ம பிள்ளைங்க கணக்குல பிச்சு உதறிட்டு இங்கதான் தடுக்கி விழும். அதுக்கு மருந்து புத்தகம்தான், லைப்ரரி கார்டு இலவசம், சின்ன வயசுலருந்து தினமும் வாசிக்கிற பிள்ளைக்கு இயர் 4 கடைசிலயோ இயர் 5 ஆரம்பத்துலயோ பயிற்சிய ஆரம்பிச்சாப் போதும்ங்கிறது என் கருத்து. இயர் 2 பிள்ளைக்கு ட்யூஷன் வேண்டாம், அந்த வயசுக்கு சைக்கிள் ஓட்டட்டும். இன்னொண்ணு, தமிழ்ப் பள்ளிய நிறுத்திட்டு லெவன் ப்ளஸ் கிளாஸுக்கு அனுப்புறது இப்ப எல்லா ஊர்லயும் நடக்குது, மனசுக்குக் கஷ்டமா இருக்கு, ரெண்டுக்கும் நேரம் இருக்கு, நடுவுல அந்த ஒரு வருஷம் விட்டுட்டா பிள்ளை பெரும்பாலும் திரும்பி வர்றதில்ல.

ஆஃப்ஸ்டெட்ல அவுட்ஸ்டாண்டிங்னு போட்டிருக்கு, கண்ண மூடிட்டுப் போட்றலாமா?

முதல்ல தேதியப் பாருங்க. ஆஃப்ஸ்டெட்ங்கிறது 1992ல வந்த ஸ்கூல் இன்ஸ்பெக்ஷன் அமைப்பு. அவுட்ஸ்டாண்டிங் வாங்கின ஸ்கூலுக்கு 2012லருந்து 2020 வரைக்கும் வழக்கமான இன்ஸ்பெக்ஷன்லருந்து விலக்கு குடுத்திருந்தாங்க, அதனால பத்து வருஷத்துக்கு மேல யாருமே போய்ப் பாக்காத ஸ்கூல்லாம் அவுட்ஸ்டாண்டிங் பேனரோட நின்னுச்சு. அதுக்குள்ள ஹெட் டீச்சர் மாறி, டீச்சருங்க மாறி, ஸ்கூலே வேற ஸ்கூல் ஆயிருக்கும்.

அது மட்டும் இல்ல, 2024 செப்டம்பர்லருந்து ஸ்டேட் ஸ்கூலுக்கு ஒரே வார்த்தைல மொத்த கிரேடு குடுக்குறத நிறுத்திட்டாங்க. ஒரு ஸ்கூலோட ஒரு வருஷ உழைப்ப எல்லாம் ஒரே வார்த்தைல அடக்குறது டீச்சருங்களுக்கு எவ்வளவு பாரம்ங்கிறது 2023ல நாடே பேசின விஷயம். 2025 நவம்பர்லருந்து ரிப்போர்ட் கார்டு மாதிரி வருது, பிள்ளைங்க சாதிக்கிறது, நடத்தையும் வருகையும், ஸ்பெஷல் நீட்ஸ் பிள்ளைங்கள எப்படிச் சேத்துக்குறாங்கன்னு தனித்தனியா கிரேடு. இது நமக்கு நல்லது, நம்ம பிள்ளைக்கு எது முக்கியமோ அந்தப் பகுதிய மட்டும் நல்லாப் படிக்கலாம். தனியார் ஸ்கூல்னா நிறைய எடத்துல ஐஎஸ்ஐன்னு வேற அமைப்பு வந்து பாக்கும்.

மார்க்குக்கு வந்தா, 16 வயசுல எழுதுற ஜிசிஎஸ்இ பரீட்சை ரிசல்ட்டு மட்டும் பாத்தீங்கன்னா கிராமர்தான் முன்னாடி நிக்கும், பரீட்சை வெச்சு பொறுக்கி எடுத்த பிள்ளைங்களாச்சே. ப்ராக்ரஸ் 8னு ஒண்ணு இருக்கு, உள்ள வரும்போது இருந்த நிலையிலருந்து பிள்ளைங்கள எவ்வளவு தூரம் முன்னேத்தினாங்கங்கிற கணக்கு, பூஜ்யம்னா சராசரி, அதுக்கு மேலன்னா சந்தோஷம். 2025, 2026 ரிசல்ட்டுக்கு இந்தக் கணக்கு கிடையாது, அந்தப் பிள்ளைங்க இயர் 6ல இருந்தப்ப, உள்ள வர்ற நிலைய அளக்குற சாட்ஸ் பரீட்சை கோவிட்னால நடக்கல, அதனால 2024 வரைக்கும் உள்ளதப் பாருங்க.

எங்க ஏரியா ஸ்கூல் "ரஃப்"னு எல்லாரும் சொல்றாங்க, பயமா இருக்கு.

யாரு சொன்னா, எப்பப் பாத்தாங்க, இந்த ரெண்டையும் கேளுங்க. அவங்க பிள்ளை இப்ப அங்க படிக்குதா? பெரும்பாலும் இருக்காது. மாமா பையன் 15 வருஷம் முன்னாடி படிச்சான், சாயந்தரம் மூணரை மணிக்கு பஸ் ஸ்டாப்ல பசங்க சத்தம் போட்டாங்க, அவ்வளவுதான் ஆதாரம். மூணரை மணிக்கு ஈட்டன் பசங்கள கொண்டுவந்து பஸ் ஸ்டாப்ல நிறுத்தினாலும் சத்தம் போடத்தான் செய்வாங்க, பதிமூணு வயசு அது. பேரு கெடுறதுக்கு ஒரு வாரம் போதும், நல்ல பேரு திரும்ப வர்றதுக்குப் பத்து வருஷம் ஆகும், நடுவுல உள்ள வருஷங்கள்ல அந்த ஸ்கூல் எவ்வளவோ நல்லா மாறியிருக்கும், வெளில தெரியாது. லண்டன் ஸ்டேட் ஸ்கூல்களே அதுக்கு சாட்சி, 1990கள்ல நாட்டுலயே பின்தங்கி இருந்த ஏரியாக்கள் இன்னிக்கு மத்த எல்லா மாகாணத்தையும் தாண்டி நிக்குது.

இன்னொரு விஷயத்த மனசு விட்டுச் சொல்லணும். "ரஃப்"னு சொல்லும்போது சில சமயம் அவங்க சொல்ல வர்றது அங்க ஏழைப் பிள்ளைங்க அதிகம், கறுப்பினப் பிள்ளைங்க அதிகம், இங்கிலீஷ் வீட்டு மொழியா இல்லாத பிள்ளைங்க அதிகம்ங்கிறதுதான். அந்தக் கடைசி வரிசைல நம்ம பிள்ளையும் இருக்கு. வேற ஒரு வீட்டுல உக்காந்து யாரோ நம்ம பிள்ளையக் காட்டி இதையே சொல்லிட்டு இருப்பாங்க. இலவச சாப்பாடு வாங்குற பிள்ளைங்க அதிகம் இருக்குற ஸ்கூலுக்கு 2011லருந்து பியூப்பில் ப்ரீமியம்னு தனிப் பணம் வருது, அத வெச்சு அருமையா வேலை பண்ற ஸ்கூல் இருக்கு.

ஸ்கூல் காரங்க பாஷையும் கத்துக்கணும். "ரொம்ப நர்ச்சரிங் ஸ்கூல்"னா பிள்ளைய நல்லாப் பாத்துப்பாங்க, சரி, ரிசல்ட் எப்படின்னும் கேட்டுக்கோங்க. "ட்ரெடிஷனல்"னா யூனிஃபார்ம், டிசிப்ளின் கட்டாயம், மேல் பட்டன் போடலன்னாலும் வீட்டுக்கு மெசேஜ் வரும். "ஹை எக்ஸ்பெக்டேஷன்ஸ்"னா டிடென்ஷன் (தண்டனையா கூடுதல் நேரம் உக்கார வெக்கிறது) நிறைய இருக்கும், அது சில பிள்ளைக்கு நல்லது, சில பிள்ளைக்கு வயித்தக் கலக்கும். "ஆன் எ ஜர்னி"ன்னா பழைய பிரச்சனை ஏதோ இருந்துச்சு, இப்ப சரி பண்ணிட்டு இருக்காங்க, புது ஹெட் யாருன்னு விசாரிங்க. வீட்டு ஏஜென்ட் "அவுட்ஸ்டாண்டிங் ஸ்கூலுக்குப் பக்கம்"னு சொன்னா அது அட்மிஷன் கிடைக்கிற பக்கமான்னு நாமதான் பாக்கணும், அவருக்கு வீடு விக்கணும்.

அக்கா, நாங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். மகளுக்கு கத்தோலிக்க ஸ்கூல் கிடைக்குமோ? ஞானஸ்நான சர்டிஃபிகேட் ஊரிலை இருக்கு.

முதல்ல அத எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அது இல்லாம நகராது. இங்கிலாந்துல மூணுல ஒரு ஸ்டேட் ஸ்கூல் மதம் சார்ந்தது. கத்தோலிக்க ஸ்கூல்ல கூட்டம் அதிகமா இருந்தா ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைக்கு முன்னுரிமை, சில எடத்துல ஒழுங்கா பூசைக்கு வர்றாங்கன்னு பங்குத் தந்தை கையெழுத்துப் போட்ட சர்டிஃபிகேட்டும் கேப்பாங்க. அதுக்கு ஃபாதருக்கு உங்களத் தெரிஞ்சிருக்கணும், அதனால தமிழ்ப் பூசைக்கு மட்டும் போறவங்க பக்கத்துப் பங்குலயும் போய் அறிமுகம் ஆயிடுங்க. கவுன்சில் ஃபாரத்தோட சேத்து ஸ்கூலுக்கே தனியா சப்ளிமென்டரி ஃபார்ம்னு ஒண்ணு குடுக்கணும், இத விட்டவங்கதான் அதிகம்.

சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஸ்கூல் நிறைய எடத்துல சாதாரண ஏரியா ஸ்கூல் மாதிரிதான், தூரம் பாத்து எல்லா மதப் பிள்ளையையும் சேப்பாங்க, இந்துக் குடும்பங்க தயங்கவே வேண்டாம். இந்து ஸ்கூலும் இருக்கு, ஹாரோல 2008ல கிருஷ்ணா அவந்தின்னு ஆரம்பிச்சாங்க, கவர்மென்ட் பணத்துல வந்த முதல் இந்து ஸ்கூல் அதுதான், சாப்பாடு சைவம்.

ஃபாரத்துல ஆசப்படுற ஸ்கூல முதல்ல போட்டா, கிடைக்கலன்னா மத்ததும் போயிடும்னு சொல்றாங்களே?

இல்லவே இல்ல, இந்த ஒரு வதந்தியால எத்தன குடும்பம் ஆசப்பட்ட ஸ்கூல விட்டுச்சோ! நீங்க போட்ட வரிசைய ஸ்கூல் கண்ணுல காட்ட மாட்டாங்க. ஒவ்வொரு ஸ்கூலும் தன்னோட ரூல்படி யாருக்கு எடம்னு லிஸ்ட் போடும், அப்புறம் கவுன்சில் உக்காந்து உங்களுக்கு எடம் கிடைக்கிற ஸ்கூல்கள்ல நீங்க மேல போட்டது எதுவோ அத மட்டும் வெச்சுட்டு மத்தத விட்டுடும். அதனால உண்மையான ஆச வரிசைலயே போடுங்க. லண்டன்ல ஆறு ஸ்கூல் போடலாம், மத்த எடத்துல கொறஞ்சது மூணு. ஆனா அதுல ஒண்ணாவது கட்டாயம் கிடைக்கிற தூரத்துல இருக்கணும், ஆறையும் எட்டாத ஸ்கூலா போட்டா கவுன்சில் எங்க காலி இருக்கோ அங்க தள்ளிடும்.

செகண்டரிக்கு அக்டோபர் 31 கடைசி, மார்ச் 1 ரிசல்ட். பிரைமரிக்கு ஜனவரி 15 கடைசி, ஏப்ரல் 16 ரிசல்ட். லெவன் ப்ளஸ் ரிசல்ட்டு பெரும்பாலும் அக்டோபர்லயே வந்துடும், பாத்துட்டு வரிசைய மாத்தலாம்.

தூரம் எப்படிப் பாக்குறதுன்னா, கவுன்சில் புத்தகத்துல போன வருஷம் ஒவ்வொரு ஸ்கூல்லயும் கடைசியா எடம் கிடைச்ச பிள்ளை வீடு எவ்வளவு தூரம்னு போட்டிருப்பாங்க. அதுல 0.4 மைல்னு போட்டு உங்க வீடு 0.9 மைல்னா ஆச வேண்டாம், 0.5னா முயற்சி பண்ணலாம், வருஷா வருஷம் அது மாறும், அக்கா அண்ணன் படிக்கிற பிள்ளைங்க எத்தனங்கிறதப் பொறுத்து. சில கவுன்சில் நேர்கோட்டுல அளக்கும், சிலது நடக்குற வழில. அண்ணன் வீட்டு அட்ரஸ், ஃப்ரெண்டு வீட்டு அட்ரஸ்லாம் குடுக்காதீங்க, கவுன்சில் டேக்ஸ் பேர வெச்சுக் கண்டுபிடிப்பாங்க, குடுத்த சீட்ட திரும்ப வாங்கிடுவாங்க, பிள்ளைதான் அவமானப்படும்.

தனியார் ஸ்கூல் அந்தக் காசுக்கு வொர்த்தா?

2025 ஜனவரி 1லருந்து ஃபீஸ் மேல 20% வாட் போட்டாச்சு, டே ஸ்கூல்லயே லண்டன்ல வருஷத்துக்கு 20,000 பவுண்டத் தாண்டி நிறைய இருக்கு, ரெண்டு பிள்ளைன்னா ஒருத்தர் சம்பளம் முழுக்க அங்க போகும். சின்ன கிளாஸ், மைதானம், மியூசிக், இதெல்லாம் நிஜமா நல்லா இருக்கும். ஆனா வீட்டுல அதுக்காக அப்பா வார நாள் முழுக்க வேற ஊர்ல தங்கி வேலை பாத்து, அம்மா ராத்திரி ஷிஃப்ட் போய், பிள்ளையோட உக்காந்து சாப்பிட ஆளில்லன்னா எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ரொம்ப ஆசைன்னா பர்சரி கேளுங்க. ஸ்காலர்ஷிப்ல பேருதான் பெருசு, தள்ளுபடி கொஞ்சம்தான் இருக்கும், பர்சரி குடும்ப வருமானத்தப் பாத்து முழு ஃபீஸ் வரைக்கும் கூட குடுப்பாங்க. மேல சொன்ன கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் 1552லருந்து வசதி இல்லாத பிள்ளைங்களுக்காகவே பேரு வாங்கினது.

ஓப்பன் ஈவ்னிங் போனா என்ன பாக்கணும்?

சயின்ஸ் லேப்ல பன்சன் பர்னர் எரியும், ஆட்டு இதயத்த வெட்டிக் காட்டுவாங்க, கிச்சன்ல குக்கீஸ் வாசம் தூக்கும், பிள்ளை அங்கயே விழுந்துடும். நீங்க பாத்ரூமுக்குப் போங்க. பூட்டு இருக்கா, சோப்பு இருக்கா, மத்தியான நேரம் தொறந்து வெப்பாங்களா? உங்களக் கூட்டிட்டுச் சுத்திக் காட்ட இயர் 7, இயர் 8 பிள்ளை ஒண்ணு வரும், டீச்சர் பக்கத்துல இல்லாதப்ப அதுகிட்ட கேளுங்க, "மத்தியானம் யாரு கூட உக்காந்து சாப்பிடுவ? யாராவது வம்பிழுத்தா யாருகிட்ட போய் சொல்லுவ?" பிள்ளை யோசிக்காம ஒரு டீச்சர் பேரச் சொல்லிச்சுன்னா அது எனக்கு எந்த ரிப்போர்ட்ட விடவும் பெரிய விஷயம். பேந்தப் பேந்த முழிச்சா குறிச்சு வெச்சுக்கோங்க.

கணக்கு டீச்சருங்க எத்தன பேரு நிரந்தரம், எத்தன பேரு தற்காலிகமா வர்ற சப்ளை டீச்சருன்னு கேளுங்க, தப்பே இல்ல. முடிஞ்சா ஸ்கூல் நடக்குற சாதாரண நாள் காலைல டூர் புக் பண்ணுங்க, பெல் அடிச்சு கிளாஸ் மாறும்போது தாழ்வாரத்துல நின்னு பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். டீச்சர் பிள்ளைங்கள பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களா, பிள்ளைங்க டீச்சரப் பாத்து சிரிக்குதா, இல்ல ஓரமா ஒதுங்குதான்னு. அப்புறம் குளிர்கால இருட்டுல பிள்ளை தனியா வரப்போற அந்த பஸ்ஸுல ஒரு தடவ நீங்களே போய்ப் பாருங்க.

மார்ச் 1 வந்துடுச்சு, கேட்டது எதுவும் கிடைக்கல, அழுகையா வருது.

அழுங்க, ஆனா பிள்ளை முன்னாடி வேண்டாம். முதல்ல குடுத்த சீட்ட ஒத்துக்கோங்க, அத ஒத்துக்கிட்டா வெயிட்டிங் லிஸ்ட்ல எடம் போயிடும்ங்கிறது பொய். வெயிட்டிங் லிஸ்ட்ட அந்த வருஷம் டிசம்பர் 31 வரைக்குமாவது வெச்சிருக்கணும்னு ரூல், அதுல வரிசை யாரு முதல்ல கேட்டாங்கங்கிறதப் பாத்து இல்ல, தூரம், அண்ணன் தம்பி அந்த மாதிரி ரூலப் பாத்துதான், அதனால நம்ம நம்பர் முன்ன பின்ன போகும், பதறாதீங்க. தனியாருக்குப் போறவங்க, வீடு மாத்துறவங்கன்னு ஜூன், ஜூலை, ஏன் செப்டம்பர் முதல் வாரத்துல கூட நிறைய எடம் நகரும்.

அப்பீலும் போடலாம், அதுக்கு ஸ்கூல் சம்பந்தமில்லாத தனிக் குழு உக்காந்து கேக்கும். "நல்ல ஸ்கூல், எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்"ங்கிறது அங்க எடுபடாது. இந்தப் பிள்ளைக்கு ஏன் இந்த ஸ்கூல்தான் வேணும், டாக்டர் லெட்டர், அங்க மட்டும் இருக்குற பாடம், தூரம் அளந்ததுல தப்பு, இந்த மாதிரி காகிதத்தோட போங்க. ரிசப்ஷன், இயர் 1, இயர் 2க்கு ஒரு டீச்சருக்கு 30 பிள்ளைதான்னு சட்டமே இருக்கு, அதனால அங்க அப்பீல் ஜெயிக்கிறது ரொம்பக் கஷ்டம், செகண்டரில அந்தச் சட்டம் இல்ல, வாய்ப்பு கொஞ்சம் கூட. லெட்டர் வந்ததுலருந்து 20 ஸ்கூல் நாள் டைம் குடுத்தாகணும், கடைசி தேதி அந்த லெட்டர்லயே இருக்கும். இங்கிலீஷ்ல பேசத் தயக்கமா இருந்தா ஃப்ரெண்டையோ மொழிபெயர்ப்பாளரையோ கூட்டிட்டுப் போகலாம், முன்னாடியே கவுன்சில்கிட்ட சொல்லி வெச்சுடுங்க.